சுரங்க வாயில் ஒரு மவுத் ஆர்கன்

"ஸ்டெல்லா, நான் வாசிச்சா ஏன் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார் எபநேசர்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஸ்டெல்லா அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் மூடிக்கிடந்த அந்தத் தங்கச் சுரங்க ஊரில், ப்ளூஸ் இசை என்றால் அவளைத்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் மேடையேறி மவுத் ஆர்கன் வாசித்தவள். இப்போது தையல் மெஷினோடு சரி.

எபநேசருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை. கேசட் தேயும்வரை கேட்டு, பிறகு போனில் பார்த்து, தானாகக் கற்றுக்கொண்டவர். ஓட்டல்களில் வாசிக்கும் ஒரு பேண்டில் இருந்தார்.

"வாசிங்க" என்றாள்.

வாசித்தார். சுரத்தை வளைத்தார், உடைத்தார், நடுங்கவிட்டார். எங்கும் பிசகவில்லை.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தமா இருக்கு."

"எங்க கிடார்காரனும் அதையேதான் சொல்றான். சொல்லிட்டு, வேற ஆள் பார்த்துக்கறோம்ங்கிறான். எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் இல்லம்மா."

மெஷினுக்கு உறை போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே."

பழைய சுரங்கக் குழிக்குக் கூட்டிப்போனாள். குழிவாயை இரும்புக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். கீழே தண்ணீர் ஏறிப் பல வருஷமாகிறது. விபத்தில் செத்து, மேலே கொண்டுவர முடியாமல் போனவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்பார்கள். பெயர் மட்டும் சொல்லமாட்டார்கள்.

உச்சி வெயில். ஸ்டெல்லா கைக்குட்டையை எடுத்துக் கம்பியருகே பிடித்தாள். அது வெடுக்கென்று உள்பக்கமாக இழுபட்டது.

எபநேசர் ஓரடி பின்வாங்கினார்.

"வெயில் ஏறினா மூச்சை இழுக்கும். இறங்கினா விடும்" என்றாள். "குனிஞ்சு வாசிங்க."

குனிந்து வாசித்தார். எதிரொலி இல்லை. ஒவ்வொரு சுரமும் உதட்டைவிட்டு நகர்ந்ததும் காணாமல் போயிற்று.

"இன்னும்."

வேகமாக வாசித்தார். நிறுத்தினால் அந்த அமைதி தன் பக்கம் வந்துவிடும் என்று பயந்தே வாசித்தார். கற்றதெல்லாம் போயிற்று. மேடைக்கென்று ஒளித்து வைத்திருந்ததும் போயிற்று. கடைசியில் நெஞ்சு வற்றி உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணும் மிச்சமில்ல."

"அப்ப இருங்க."

இருந்தார்கள். வெயில் சாய்ந்தது. காக்கைகள்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

பிறகு, குழி மூச்சு விட்டது.

வெதுவெதுப்பான காற்று. ஈரக்கல், உளுத்த மரம், வேர்வை. பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் யாரோ இருப்பதுபோல ஒரு வாடை.

"ஆர்கனைக் கம்பி மேல வையுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "ஊதாதீங்க."

வைத்தார். ஆர்கனுக்குள் ரீடுகள், அந்த மெல்லிய பித்தளை நாக்குகள், சிலிர்த்தன.

அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு சுரம் எழுந்தது. தானாக வளைந்தது. ஏதோ பெயரைச் சொல்லவந்து மூச்சு எட்டாமல் போனவனைப்போல, பாதியில் அறுந்தது.

எபநேசருக்கு ஓடிப்போகத் தோன்றியது. போகவில்லை.

மறுபடி எழுந்தது. அதே இடத்தில் அறுந்தது.

அவர் மெல்ல மண்டியிட்டு, கம்பியில் காதை வைத்தார். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ. நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"யாரு அது?" என்றார்.

"இப்பத்தாண்ணே கேக்குறீங்க" என்றாள் ஸ்டெல்லா.