பொந்தை விட்டுக்கொடுக்காத புறாக்கள்

பறவை பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், இத்தாலி நாட்டில் மொந்தெல்வோ என்ற மலையூரின் சதுக்கம் ஓக் மரத்தோப்பாக இருந்தது. கிளைக்குக் கிளை புறாக்கூடு.

பிறகு பணக்காரர்கள் வந்தார்கள். தோப்பை வெட்டி, தரையில் செங்கல் பதித்தார்கள். வடக்கே ஒரு மாளிகை, தெற்கே ஒரு மாளிகை. இரண்டுக்கும் தீராப் பகை. யார் கோபுரம் உயரம் என்பதில்தான் போட்டி. வடக்கு மாளிகைப் பிரபு பந்தோல்ஃபோ, கோபுரம் கட்ட நூச்சோ என்ற கொத்தனை அமர்த்தினான். முதல் வேலையாக, வாசலுக்கு மேலே தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னான்.

நூச்சோ சுவரில் வரிசையாகப் பொந்து விடுவான். அதில் சாரக்கட்டையைச் செருகி, பலகை போட்டு நின்று கட்டுவான். சுவர் உயர உயர, கீழ்க்கட்டையை உருவி மேலே செருகுவான். கட்டையெல்லாம் அந்தத் தோப்பு மரம்தான்.

"பொந்தை எல்லாம் கல்லும் சாந்தும் வைத்து அடை," என்றான் பந்தோல்ஃபோ. "எதிரி அதைப் பிடித்து ஏறுவான். ஒரு பொந்து இருந்தாலும் உன் கை இருக்காது."

நூச்சோ கீழிருந்து மூன்று வரிசையை அடைத்தான். நான்காவதற்குக் கரண்டியைத் தூக்கியபோது ஒரு கிழட்டுப் புறா பொந்தின் வாயில் வந்து உட்கார்ந்தது.

"என்னையும் உள்ளே வைத்துப் பூசும், கொத்தனாரே."

"விலகு. என் கை போய்விடும்."

"எங்கள் மரமே போய்விட்டது. அந்த மரம் செருகியிருந்த ஓட்டையையாவது விடும். முட்டை இட இடமில்லை."

நூச்சோ கீழே பார்த்தான். பிரபு அண்ணாந்து நின்றான். நூச்சோ கல்லை ஓரமாக வைத்துவிட்டு, வைக்கோலும் களிமண்ணும் குழைத்து அடைத்து, மேலே மெல்லிசாகச் சாந்து தடவினான். பார்வைக்குக் கல். அதற்கு மேல் வந்த வரிசையையெல்லாம் அப்படியே அடைத்தான்.

"வேலை முடிந்து நான் போன பிறகு கொத்தித் திறந்துகொள்ளுங்கள்," என்று முணுமுணுத்தான்.

"முட்டை காத்திருக்காது. சீக்கிரம் கட்டும்," என்றது புறா.

கடைசிக் கல் வைத்த அன்று, உச்சியில் வெளிப்புறக் கட்டைமேல் நின்று பூசிக்கொண்டிருந்தான். கோபுரத்துக்குள் ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பிரபுவே! ஏணி!"

"உனக்கு எதற்கு ஏணி?" பந்தோல்ஃபோ சதுக்கத்தில் நின்று சிரித்தான். "இறங்கினால் எதிரிக்கு ஒரு முழம் உயரமாகக் கட்டிக் கொடுப்பாய். அங்கேயே இரு. காற்று நன்றாக வருகிறதல்லவா?"

சந்தைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

அன்று முழுவதும் போயிற்று. நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை கிழட்டுப் புறா வந்தது.

"கட்டை எத்தனை இருக்கிறது?"

"இரண்டு."

"போதும். மண்ணை நாங்கள் எடுக்கிறோம்."

புறாக்கூட்டம் சுவரில் மொய்த்தது. களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது. நூச்சோ ஒரு கட்டையில் தொங்கி, மற்றதைக் கீழ்ப்பொந்தில் செருகினான். அதில் கால் வைத்து, மேல்கட்டையை உருவினான். மறுபடி கீழே. ஒரு வரிசையில் கட்டை பாதி வழுக்கியது. சதுக்கமே மூச்சைப் பிடித்தது.

பந்தோல்ஃபோ ஓடிவந்தான். "பொந்தை அடைத்தேன் என்றாயேடா!"

"அடைத்தேன் பிரபுவே. நீங்கள் ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி."

அடுத்துப் பொந்து இல்லை. பயந்து தானே கல் வைத்து அடைத்த மூன்று வரிசை. நூச்சோ குதித்தான். இடது கால் முறிந்தது.

"பிடியுங்கள் அவனை!" என்று பிரபு தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்.

இந்த முறை சந்தைக்காரர்கள் கொத்தனைச் சுற்றி அரணாக நின்றார்கள். நேற்றே நின்றிருந்தால் கால் தப்பியிருக்கும்.

பொந்துகளை அடைக்கப் பிரபு ஊர் ஊராக ஆள் அனுப்பினான். கொத்தர்கள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்துதான் மொந்தெல்வோ கோபுரத்தில் கீழ் மூன்று வரிசை அடைத்தும், மேலே எல்லாம் திறந்தும் கிடக்கிறது. பந்தோல்ஃபோவின் பெயர் வாசலுக்கு மேலே இன்னும் இருக்கிறது. புறாக்கள் தினமும் அதன்மேல்தான் எச்சமிடுகின்றன.