ஆள்காட்டி போடாத கோடு

ஆள்காட்டிக் குருவி முட்டைக்குள் இருந்தபோதே ஒரு சத்தத்தைக் கேட்டது. தொலைவில் தொடங்கி, அருகில் வந்து, மறுபடி தொலைவுக்குப் போய்விட்ட குளம்புச் சத்தம். ஓட்டை உடைத்து வெளியே வந்த பிறகுதான் அது மான்களின் சத்தம் என்று தெரிந்தது. அவை எதற்கும் அஞ்சி ஓடவில்லை, விளையாட ஓடின.

காட்டின் நடுவே, குளத்தை ஒட்டிய புல்வெளி அது. காலையில் மயில்கள் ஆடும். மாலையில் மான்கள் பந்தயம் ஓடும். முயல்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடும். அங்கே யாரும் வீடு கட்டியதில்லை. ஆள்காட்டி மட்டும் வெறுந்தரையில் ஒரு சிறு குழி பறித்து முட்டையிடும். நரி எந்தப் பக்கம் வந்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. அது ஒரு குரல் கொடுத்தால் போதும், புல்வெளி நொடியில் காலியாகிவிடும்.

ஒரு வருடம் ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையோரப் புற்றுகள் எல்லாம் கரைந்துபோயின. சிங்க அரசரின் மந்திரியான நரி புல்வெளிக்கு வந்தது.

"வீடிழந்த கறையான்களுக்காக இங்கே நூறு புற்றுகள் எழும்பப் போகின்றன! அரசர் உத்தரவு!"

"விடமாட்டோம்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"ஒரு பிடி மண் விழட்டும், என் கொம்பு பேசும்!" என்றது கலைமான்.

"கறையான்களும் பாவம்தான்" என்றது ஆள்காட்டி. "ஆனால் வடக்கு மேட்டில் பட்ட மரங்கள் குவிந்து கிடக்கின்றனவே! தீனியும் அங்கேதான். அங்கே கட்டினால் என்ன?"

"எங்களுக்கும் அந்த மேடுதான் பிடித்திருந்தது. எங்களை யார் கேட்டார்கள்?" என்றது நரியின் பின்னால் வந்திருந்த ஒரு கறையான், மெல்லிய குரலில்.

நரி அதைக் கேட்காததுபோல் போய்விட்டது.

மூன்று நாள் எல்லாரும் புல்வெளியை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் நரி மறுபடி வந்தது. இந்த முறை குரலில் தேன் வழிந்தது.

"உங்கள் மனம் நோக அரசர் எதையாவது செய்வாரா? அவரவர் இடத்தை அவரவரே கோடு கிழித்துக் காட்டுங்கள். கோட்டுக்குள் ஒரு புற்றும் வராது! மானாரே, நீங்கள் ஓடும் தடம் எது?"

கலைமான் கொம்பைத் தாழ்த்தியது.

"கோடு போடாதீர்கள்!" என்று ஆள்காட்டி பதறியது. "கோட்டுக்கு உள்ளே இருப்பது நம்முடையது என்றால், வெளியே இருப்பது நம்முடையதில்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா?"

"சரிதான் போ! உனக்கென்று ஓர் இடமில்லை. அந்த எரிச்சல்" என்றது மயில்.

"நீ எங்கேயம்மா கோடு போடுகிறாய்?" என்று நரி பணிவாகக் கேட்டது.

"வருடத்துக்கு ஓர் இடத்தில் முட்டையிடுகிறவள் எங்கே போடுவது? நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனக்கு அது போதும்."

"ஒரு பிடிக் குருவிக்கு வெளி முழுக்க வேணுமாம்!" என்று முயல் விழுந்து விழுந்து சிரித்தது.

மான் கொம்பால் நீளமாக ஒரு கோடு கிழித்தது. மயில் தோகையை இழுத்து ஒரு வட்டம் போட்டது. முயல்கள் நகத்தால் கீறின. ஆள்காட்டி எதுவும் போடவில்லை. அதனால் அதற்கு எதுவும் வேண்டாம் என்று நரி முடிவு செய்துகொண்டது.

நரி சொன்ன சொல் தவறவில்லை. எந்தக் கோட்டுக்குள்ளும் ஒரு புற்றுகூட வரவில்லை. மற்ற இடமெல்லாம் புற்றாக எழுந்தது, ஆளுயரத்துக்கு.

மான் தன் தடத்தில் ஓடியது. முடிவில் திரும்ப இடமின்றிப் புற்றில் மோதி, ஒரு கொம்பை இழந்தது. மயில் தன் வட்டத்தில் ஆடியது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை.

அந்த வருடம் இரண்டு புற்றுகளுக்கு நடுவே ஆள்காட்டி நான்கு முட்டைகள் இட்டது. ஒரு காலையில் நரியின் மூக்கு புற்றின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. ஒரு சாண் தூரம்! நரியைத் தன் பின்னால் இழுக்க, சிறகு ஒடிந்ததுபோல் ஆள்காட்டி நொண்டி நொண்டி விலகிப் போனது. அந்த வித்தையெல்லாம் நரிக்குப் பழையது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கையும் தின்றது. பிறகு அடுத்த புற்றின் மறைவுக்கு நகர்ந்தது. அங்கிருந்து முயல்களின் கோடு பக்கம். புற்றுகள் மறைக்க, ஆள்காட்டி அதை மறுபடி கண்டு கத்துவதற்குள் நரி பாய்ந்துவிட்டது.

"முன்னாடியே கத்தியிருக்கக் கூடாதா, ஆள்காட்டி அக்கா?" என்று அழுதது இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்த தாய்முயல்.

"கண்ணுக்குத் தெரிந்தால்தானே கத்துவேன்!" என்றது ஆள்காட்டி.

எல்லாருக்கும் பொதுவானதில் தன் பங்கை மட்டும் காப்பாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டவர், பொதுவோடு சேர்த்துத் தன் பங்கையும் இழப்பார்.

ஆள்காட்டி அதன் பிறகு முட்டையிடவில்லை.