ஏரிக்கரையில் காக்கைச் சோறு

முன்னொரு காலத்தில் நாவல்நாடு என்றொரு சீமை. அதை வச்சிரமகுடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபமும் குஷியும் அவனுக்கு ஒரே வாசல் வழியாகத்தான் வரும். ரசம் குடித்ததும் தனக்குத் தும்மல் வந்தது என்று சமையல்காரனைச் சிறையில் போட்டான். சேவல் நன்றாகக் கூவியது என்று சேவல்காரனுக்கு ஒரு தோப்பையே எழுதி வைத்தான். அப்படிப்பட்ட ராஜாவின் முன்னால் நியாயம் கேட்டு நின்றாள் சடைச்சி.

ராஜாவின் தாத்தா அடிமைகளைக் கொண்டு ஒரு பெரிய ஏரி வெட்டியிருந்தார். அந்த அடிமைகளின் வம்சம் சடைச்சி. ராஜாவின் அப்பா அவர்களுக்கு விடுதலை கொடுத்தார். விடுதலை மட்டும் கொடுத்தார், கஞ்சிக்கு வழி கொடுக்கவில்லை. அவர்கள் ஏரிக்கரையடியில் குடிசை போட்டு, அரசவைப் பிரமுகர் வல்லபராயரின் கொல்லையில் முன்போலவே பாடுபட்டார்கள். சடைச்சிக்கு அங்கே கவணில் கல் வீசிப் பறவை விரட்டும் வேலை. இப்போது அந்தக் கரையடி நிலத்தையும் தன் மருமகனுக்குக் கேட்டிருந்தார் ராயர். ஏரி வெட்டியபோது சாட்டையோடு நின்று வேலை வாங்கியவர் இந்த ராயருடைய தாத்தாதான்.

"ராசா, எம் பாட்டன் இந்தக் கரைக்கு மண்ணு சுமந்தாரு" என்றாள் சடைச்சி. "சுமக்க மாட்டாம விழுந்தவங்களை எடுத்து அடக்கம்கூடப் பண்ணலை. விழுந்த எடத்துலயே மேல மண்ணைக் கொட்டி மிதிச்சுட்டாங்க. ஒரு பிடி நெல்லு கூலி கெடையாது. அந்தக் கூலிக்கு இந்தக் கரையடி நெலத்தை எங்களுக்கே விட்டுடுங்க."

வல்லபராயர் துள்ளி எழுந்தார். "மன்னா! சுமந்தவனும் செத்தான், சுமக்க வைத்தவரும் போய்ச் சேர்ந்தார். இனி யார் யாருக்குக் கொடுப்பது? இவள் தலையில் ஒரு கூடை மண் ஏறியதுண்டா? இன்று இவளுக்குக் கொடுத்தால், நாளை கோட்டை மதிலைக் காட்டி ஒருத்தன் வருவான், கோபுரத்தைக் காட்டி இன்னொருத்தன் வருவான்!"

"மதிலையே பெயர்த்துக் கொடு என்பானோ?" என்றான் ராஜா. சபை விழுந்து விழுந்து சிரித்தது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். சிரித்த வாயாலேயே ராஜா தீர்ப்பும் சொன்னான்: "செத்தவனுக்குச் சேர வேண்டியதை உயிரோடிருப்பது எதுவும் வாங்கக் கூடாது. ஆடி அமாவாசை கழிந்ததும் நிலம் ராயரின் மருமகனுக்கு. குடிசைகளைப் பிரித்துப் போடுங்கள்."

இதை ஊரெங்கும் முரசறைந்து சொன்னார்கள். சடைச்சி குடிசை வாசலில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.  அவள் அழவில்லை.

ஆடி அமாவாசையும் வந்தது. ராஜா ஏரியில் முழுகி, ஈர வேட்டியோடு கரைமேல் தலைவாழை இலை விரித்து, எள்ளுச் சோறும் வடையும் வைத்துத் தாத்தாவை அழைத்தான். "கா... கா... கா..." எத்தனை பெரிய ராஜாவானாலும் காக்கையை அப்படித்தானே கூப்பிட வேண்டும்!

ஒரு காக்கை இறங்கியது. விர்ரென்று ஒரு கல் வந்தது. காக்கை பறந்தது. அடுத்த காக்கைக்கும் அதே கதி. வெயில் ஏறியது. காக்கை தொடாமல் ராஜா சாப்பிட முடியாது, ராஜா சாப்பிடாமல் சபை சாப்பிட முடியாது. "பெரியவருக்கு ஏதோ மனக்குறை" என்று முனகினார் ராயர்.

சேவகர்கள் புளியமரத்தடியிலிருந்து சடைச்சியைக் கவணும் கையுமாக இழுத்து வந்தார்கள். ராஜா வாளை உருவினான். "என் தாத்தாவைப் பட்டினி போட்டாயே, பாவி!"

கழுத்துக்கு நேரே வாள். சடைச்சி குரல் நடுங்காமல் கேட்டாள். "உங்க தாத்தாதான் செத்துட்டாரே, ராசா?"

"காக்கையாக வந்து உண்பாரடி!"

"காக்கா உயிரோடதானே இருக்கு? செத்தவங்களுக்குச் சேர வேண்டியதை உயிரோட இருக்குறது எதுவும் வாங்கக் கூடாதுன்னு முரசறைஞ்சாங்க. உங்க உத்தரவைத்தான் காப்பாத்துனேன்."

வாள் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் விடவில்லை. "உங்க தாத்தாவுக்காக எங்கிருந்தோ ஒரு காக்கா வந்து வாங்கிக்கலாம். எம் பாட்டனுக்காக நான் வந்து கை நீட்டக் கூடாதா? அந்தக் காக்காய விடவா நான் ஒறவுல தூரமாப் போயிட்டேன்?"

"சாஸ்திரம் வேறு, நிலம் வேறு!" என்று கத்தினார் வல்லபராயர்.

ராஜா திரும்பி மந்திரி பூதனாரைப் பார்த்தான். மந்திரி நிதானமாகச் சொன்னார்: "தீர்ப்பு சரியென்றால் இலையைச் சுருட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம், மன்னா. இலை சரியென்றால் தீர்ப்பைச் சுருட்ட வேண்டும்."

 ராஜா சடைச்சியிடம் மெதுவாகக் கேட்டான். "உன் பாட்டன் எந்த இடத்தில் விழுந்தார்?"

"தெரியாது, ராசா. நீங்க நிக்கிற எடமாவும் இருக்கும்."

ராஜா சட்டென்று காலை எடுத்தான். எடுத்த காலை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் கரைதான். வாளை உறையில் போட்டான். கரையடி நிலம் அவர்களுக்கே என்று அங்கேயே சொன்னான். "வேறென்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"எங்க பாட்டன்களுக்கு நாங்க ஒருநாளும் சோறு வச்சதில்லை. வைக்கறதுக்குச் சோறு இருந்ததில்லை. நெல்லு வெளஞ்சதும் இந்தக் கரையில வச்சுக்கறோம்."

"வை. சோற்றுப் பானையை வல்லபராயர் சுமந்து வருவார்" என்றான் ராஜா. இந்த முறை சபையில் யாரும் சிரிக்கவில்லை.

தை அமாவாசையன்று புதுநெல்லுச் சோறு வெந்தது. சடைச்சி முன்னால் போனாள். பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ராயர் பின்னால் போனார். அவள் ஓரிடத்தில் ஒரு பிடி வைத்தாள். நாலடி தள்ளி இன்னொரு பிடி. வைத்த இடத்திலெல்லாம் காக்கைகள் இறங்கின. கரையோ கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. ராயருக்குக் கழுத்து நொந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. பானையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னும் எவ்வளவு தூரமம்மா வைக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"யாரை எங்க போட்டு மூடுனாங்கன்னு எனக்கெப்படித் தெரியும், சாமி?" என்றாள் சடைச்சி. "உங்க தாத்தாவுக்குத்தான் தெரியும்."

வல்லபராயர் குனிந்து பானையைத் தூக்கி மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டார்.