பார்வைச் சிறகி

வேட்டைக்காரன் சன்னாசியின் வீட்டில் ஒரு சிறகி வளர்ந்தது. சிறகி என்றால் ஏரி வாத்துதான். மற்ற வாத்து மாதிரி கத்தாது. சீழ்க்கை அடிக்கும்.

கோடையில் ஏரி வற்றியது. சிறகிக் கூட்டம் வேறு தண்ணீர் தேடிப் பறந்தது. இது அப்போது குஞ்சு, இறக்கை முளைக்கவில்லை. தாய் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு அதுவும் போய்விட்டது. காய்ந்த கோரைக்குள் கிடந்த குஞ்சைச் சன்னாசி எடுத்து வந்தான்.

அடித்துத் தின்னவில்லை. கூண்டு கட்டினான். நெல் போட்டான். வளர்ந்ததும் இறக்கை நுனியை மட்டும் கத்தரித்தான். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். "இந்த வருஷம் இதுதான் நம்ம பார்வை!"

சிறகிக்குத் தலைகால் புரியவில்லை.

"கேட்டியா?" என்றது பக்கத்தில் மேய்ந்த கருங்கோழியிடம். "நான் பார்வையாம்! வயலுக்கு மேற்பார்வை பார்க்க ஆள் இருக்கில்ல? அது மாதிரி ஏரிக்கு நான்!"

"ஏன், சன்னாசிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"உனக்குப் பொறாமை!"

"எனக்குத் தவிடு, உனக்கு நெல்லு. பொறாமைதான்! ஆனா எதுக்குன்னு யாரையாவது கேட்டியாடி?"

"நெல்லு போடுறவங்களைப் போய் எதுக்குன்னு கேட்பாங்களா? மரியாதை தெரியாத கோழி!"

கோழி தவிட்டைக் கிளறப் போய்விட்டது.

மழை பெய்தது. ஏரி நிரம்பியது. அந்த ஊரில் ஒரு வழக்கம். நினைத்த நாளில் ஏரிப் பறவையைச் சுடக்கூடாது. ஐப்பசி முடிந்ததும் ஊர் கூடி ஒரு நாள் குறிக்கும். அதற்குத் 'திறப்பு' என்று பெயர். அன்றிலிருந்து, துப்பாக்கி உள்ளவன் எவனும் ஏரியில் இறங்கலாம்.

சிறகிக்குத் துப்பாக்கி தெரியாது. திறப்பு என்ற சொல் மட்டும் தெரியும். சன்னாசி கூண்டருகே குந்திக்கொண்டு தினமும் சொல்வான், "திறப்பன்னைக்கு உன்னை ஏரியில விடுவேன்டி. உன் சனத்தையெல்லாம் கூப்பிடணும், என்ன?"

சனம் என்றால் அம்மாவும் வரும். சிறகிக்கு அது போதும்.

சன்னாசியின் நாய் செவலை, வெயிலில் படுத்திருந்தது.

"செவலை அண்ணே, திறப்பு எப்போ வரும்?"

"வந்துடும், வந்துடும். எனக்கே நாக்கு ஊறுது."

"எங்க சனம் எல்லாம் வருமா?"

"வராம? நீ அடிக்கிற சீழ்க்கைக்கு வானத்துல போறது தானா இறங்கும்!"

"வந்தவங்களை நல்லா கவனிப்பாங்களா?"

நாய் ஒரு மாதிரியாகப் பார்த்தது. சிறகி வேடிக்கை பேசுகிறது என்று நினைத்துக்கொண்டது.

"பிரமாதமா கவனிப்பாங்க! ஒருத்தரையும் சும்மா அனுப்ப மாட்டாங்க! கரைக்குக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு!"

சிறகி அன்று முழுக்கச் சீழ்க்கை பழகியது.

திறப்பு நாள் வந்தது. விடியும் நேரம், சன்னாசி சிறகியின் காலில் கயிறு கட்டினான். மறுமுனையில் ஒரு கல். நடுத்தண்ணீரில் விட்டுவிட்டு, நாயோடு கோரைக்குள் போய்ப் பதுங்கினான். கயிறு எதற்கு, பதுங்குவது எதற்கு என்று சிறகி யோசிக்கவே இல்லை. அடிவயிற்றில் தண்ணீர் ஜில்லென்று பட்டது. கிழக்கே கூட்டம் தெரிந்தது.

"வாங்க! இங்கே வாங்க! பயமில்லை! நான் இருக்கேன்!"

கூட்டம் தயங்கியது. ஒன்று மட்டும் பிரிந்து தாழப் பறந்து வந்தது.

"யாரது? கேட்ட குரலா இருக்கே!"

"அம்மா! நான்தாம்மா! கோரைக்குள்ள விட்டுட்டுப் போனியே!"

"உசிரோட இருக்கியா என் கண்ணே? ஏய், எல்லாரும் இறங்குங்க! நம்ம புள்ளை!"

சளசளவென்று இறங்கின. தாய் வேகமாக நீந்தி வந்தது. தொட்டுவிடும் தூரம்தான்.

கோரை வெடித்தது.

இடி என்று நினைத்தது சிறகி. அண்ணாந்து பார்த்தது. மேகமே இல்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா தலையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தது. இரை தேடுதா? இப்போதா?

"அம்மா! தலையைத் தூக்கும்மா!"

தண்ணீர் சிவந்தது. சுற்றிலும் இறகு மிதந்தது.

செவலை நீந்தி வந்தது.

"அபாரம்! என்னமா கூப்பிட்டே! நிறுத்தாதே, அதோ அடுத்த கூட்டம் வருது!"

"அண்ணே... இது எங்கம்மா!"

"அப்படியா? நல்ல கனம்."

"நான் மேற்பார்வை... எல்லாரையும் கவனிக்கத்தானே..."

"மேற்பார்வையா!" சிரித்த சிரிப்பில் நாயின் வாய்க்குள் தண்ணீர் போனது. "அட கூறுகெட்டவளே! காட்டுப் பறவையை இறக்க ஒரு வளர்த்த பறவையைக் கட்டி வைப்பாங்க. அதுக்குப் பேருதான்டி பார்வை! உன்னைப் பார்த்து நம்பித்தானே அதுங்க இறங்குது! இது தெரியாமலா இத்தனை நாள் நெல்லைத் தின்னே?"

சிறகி அம்மாவின் பக்கம் நீந்தப் பார்த்தது. கயிறு விடவில்லை.

"கூப்பிடு!" என்று நாய் உறுமியது. "கூப்பிட்டா அடுத்த வருஷமும் நெல்லு. இல்லேன்னா என்ன ஆகும்னு நான் வேற சொல்லணுமா?"

மேலே கூட்டம் வட்டமிட்டது. நாய் தாயைக் கவ்விக்கொண்டு கரைக்குத் திரும்பியது. சிறகி அண்ணாந்து கத்தியது.

"இறங்காதீங்க! கொல்றாங்க! நான் கூப்பிட்டா வராதீங்க! யார் கூப்பிட்டாலும் வராதீங்க! ஓடுங்க!"

காலைக் கயிறு இழுக்க இழுக்கத் தண்ணீரை அடித்துக்கொண்டு அலறியது. கூட்டம் சட்டென்று திரும்பி உயரே போனது. பின்னால் போன குண்டு எதன் மேலும் படவில்லை.

சன்னாசி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தான். கோபம் எதுவும் இல்லை. "கெட்டுப்போச்சு," என்றான், அழுகின தேங்காயைச் சொல்வது போல. கழுத்தைத் திருகினான். தாய் கிடந்த சாக்கிலேயே போட்டான்.

ஒருவன் உனக்கு மட்டும் தனியாக அள்ளிப் போட்டால் எதற்கு என்று அன்றைக்கே கேட்டுவிடு. கேட்காமல் தின்றால், முதலில் சாவது உன் குரலை நம்பி வருகிறவர்கள்.