காட்டுப்பூவரசு சோலையை விட்டு வந்தது

அந்தக் காலத்தில் மரம் செடிகளுக்குப் பேச்சும் இருந்தது, நடையும் இருந்தது. பேச்சை அவை தாராளமாகச் செலவழித்தன. நடையை மட்டும் தொடுவதில்லை. ஒன்று எழுந்து ஓரடி நகர்ந்தால் போதும், பக்கத்து மரம் அந்த இடத்தில் வேரை நீட்டிவிடும். மரங்கள் பெருந்தன்மையானவை என்று சொல்கிறவர்கள் அவற்றோடு குடியிருந்து பார்த்ததில்லை.

பழனி மலைத்தொடரின் உச்சியில் ஒரு புல்மேடு. மேட்டின் மடிப்பில் ஓர் ஊற்று, ஊற்றைச் சுற்றி அடர்ந்த காடு. மலைக்காரர்கள் இதைத்தான் சோலை என்பார்கள். அந்தச் சோலையின் ஓரத்தில், ஊற்றுத் தண்ணீர் காலை நனைக்கிற இடத்தில் காட்டுப்பூவரசு நின்றது. ஊர்ப் பக்கத்துப் பூவரசுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதன் தோல் மெல்லியது, பூ வெள்ளை, கொப்புகள் இடுப்பு உயரத்திலேயே பிரிந்திருக்கும். வெயில் படாமல், காற்று படாமல் சொகுசாக வளர்ந்த செடி.

கொப்பு தாழ்வாக இருந்ததால், எருமை மேய்க்க வரும் காமாயி தன் ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு அதில்தான் தூளி கட்டுவாள். கட்டிவிட்டு, "பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். பூவரசு கொப்பை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும்.

அது பனி மாதம். பனியில் கருகிப் புல்லெல்லாம் வைக்கோலாகக் கிடந்தது. அப்படிக் கிடந்தால் ஒரு துண்டை எரித்துவிடுவார்கள். பத்து நாளில் அங்கே இளம்புல் வரும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும், காற்று மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போதே வைத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காற்று திரும்பிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேலே ஏறும்.

அன்றைக்குப் பனி அதிகம். ஈரப்புல்லில் காமாயி இரண்டு முறை வைத்தும் தீ பிடிக்கவில்லை. எருமைகள் மூன்று நாளாக அரை வயிற்றோடு நின்றன. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. புல் காயட்டும் என்று காத்திருந்து மூன்றாம் முறை வைத்தாள். அது பிடித்துக்கொண்டது. அதற்குள் வெயில் ஏறியிருந்தது.

காற்று திரும்பியது. தீ மேலே, சோலையைப் பார்த்து ஓடியது. கீழே காமாயி, மேலே குழந்தை, நடுவில் நெருப்பு. அவள் இரண்டு முறை உள்ளே பாய்ந்து, சேலை பற்றிக்கொள்ள, திரும்பி வந்து விழுந்தாள். "ஏ பூவரசு, எம்புள்ள, எம்புள்ள" என்று கத்தினாள்.

புகை முதலில் வந்தது. தூளிக்குள் குழந்தை இருமியது.

"பயப்படாத" என்றது பக்கத்திலிருந்த காட்டு நாவல். "பச்சக் காட்டுக்குள்ள தீ வராது. ஓரத்துல நாலு இலை கருகும், அம்புட்டுத்தான்."

"நமக்கு அம்புட்டுத்தான். புள்ளைக்குப் புகை தாங்காதே."

"அவ மூட்டுன தீ. அவ பாத்துக்கிரட்டும்."

"அவ மூட்டுனதுதான். புள்ள எங் கொப்புலல்ல கெடக்கு."

"எங்க போவ? உள்ள போனாலும் புகைதான்."

"எரிஞ்ச இடத்துல மறுபடி எரியாது. தீயத் தாண்டி அந்தப் பக்கம் போறேன்."

நாவல் தன் வேரை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டது. பிறகு சொன்னது: "போனா உன் இடம் இருக்காது. சொல்லலைன்னு சொல்லாத."

பூவரசுக்குப் பயமாகத்தான் இருந்தது. அது புல்லில் கால் வைத்ததே இல்லை. இருந்தாலும் இலைகளையெல்லாம் தூளியின்மேல் கவிழ்த்து, வேரை உருவிக்கொண்டு, நெருப்புக்குள் நடந்தது. மெல்லிய தோல் வெந்து, வெடித்து, தடித்தது. கவிந்த இலைகளின் அடிப்பக்கம் அனல் பட்டுப் பழுப்பாயிற்று. வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கருகிய தரைக்கு வந்து அது நின்றபோது தூளிக்குள் குழந்தை பசியில் அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் காமாயிக்கு மூச்சு வந்தது.

குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, "தாயே, நீ வீட்டுக்குப் போ. ஊத்துத் தண்ணி மொண்டாந்து உங்காலுல ஊத்துறேன்" என்றாள்.

பூவரசு திரும்பிப் பார்த்தது. ஊற்றங்கரையில் அது நின்ற இடத்தை நாவலின் வேர் மூடிவிட்டிருந்தது. எழ முயன்றது. கால் வேர்கள் கரிந்து சாம்பலோடு ஒட்டிப்போயிருந்தன.

"நான் செஞ்ச தப்புக்கு நீ இப்பிடி நிக்கிறியே" என்று காமாயி அழுதாள். "உனக்கு என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேணாம். நான் பூத்து நிக்கிறப்ப இந்தப் பக்கம் தீ வைக்காத. இன்னொரு தடவ நடந்து வர எனக்குக் காலு இல்ல."

சோலையிலிருந்து அதற்குத் துணையாக வேறெந்த மரமும் வெளியே வரவில்லை. அன்று முதல்தான் காட்டுப்பூவரசு மேட்டுக்கு ஒன்றாகப் புல்வெளியில் தனியே நிற்கிறது, பனி மாதத்தில் அது சிவந்து பூத்ததைக் கண்டால் மேய்ப்பவர்கள் கையிலிருக்கும் நெருப்பை அவித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.