கடிகாரம் முன்னால் போகட்டும்

கொல்லிமலைக்குச் சுற்றுலா போன ஆபீஸ் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் வைத்தீஸ்வரன் தன் ஜிபிஎஸ் கடிகாரத்தில் மலை வரைபடத்தைத் தட்டிக் காட்டினார். "பஸ் நேர் கீழதான் நிக்குது. பாதை எதுக்கு? புதருக்குள்ளயே இறங்குவோம். வராதவங்களுக்கு மெமோ."

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இசக்கியம்மாள் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். வரைபடத்தில் உயரம் காட்டும் கோடுகள் அந்த இடத்தில் சீப்புப் பல் மாதிரி நெருங்கிக் கிடந்தன. செங்குத்துச் சரிவு என்று புரிந்தது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும்.

"சரிங்க சார். வழி தெரிஞ்சது கடிகாரத்துக்குத்தானே? அதை முதல்ல உருட்டி விடுவோம். பின்னாலயே நாம போவோம்."

"பைத்தியமா உனக்கு? பாறையில விழுந்து சுக்குநூறாயிடும்," என்று அவர் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார்.

சொன்ன பிறகுதான் மேனேஜர் சரிவை எட்டிப் பார்த்தார்; பாதைக்குத் திரும்பினார்.

கடிகாரம் பிழைத்தது. அதோடு சேர்ந்து ஆபீஸும் பிழைத்தது.