அகன்றுபோன பள்ளம்

மலைப்பாதையின் கடைசி வளைவில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. பாறை விளிம்பில் தனியாக நின்ற வாகை மரம்தான் வீடு. மரத்துக்குக் கீழே பெரிய பள்ளம். அதற்குள் விழுந்த கல் இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அத்தி மரம். பழம் தின்ன அங்கே தாவுவார்கள், தூங்க இங்கே தாவுவார்கள். சிறுத்தை வந்தாலும் அதே தாவல்தான். சிறுத்தை வாகையில் ஏறும், ஆனால் பள்ளத்தைத் தாண்டும் அளவுக்கு நுனிக்கிளை அதைத் தாங்காது. கடுப்பாகி இறங்கிப் போய்விடும்.

பிறகு அந்த வளைவில் பேருந்துகள் நிற்கத் தொடங்கின. ஜன்னல் வழியாகப் பன் விழுந்தது. முறுக்கு, சிப்ஸ், பாதி குடித்த கலர் பாட்டில் எல்லாம் விழுந்தன. உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வரும்போது அத்திப்பழத்துக்காக யார் தாவுவார்கள்? பழங்கள் அந்தப் பக்கம் விழுந்து அழுகின.

ஒரு நாள் ஒற்றைக்காதன் என்ற சிறுத்தை வந்தது. எல்லாரும் தாவினார்கள். சடைச்சி என்ற குரங்கு மட்டும் கிளையை எட்டவில்லை. விரல் இலையைத் தொட்டது. இலை மட்டும் கையோடு வந்தது.

சடைச்சியின் தங்கை பூவால் அதைக் கண்ணால் பார்த்தாள். அவள் வயிற்றில் ஒரு கைக்குழந்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத் தலைவர் முரடன், மூச்சு வாங்கியபடி தீர்ப்புச் சொன்னார். "சடைச்சி மேல தப்பில்லை. பள்ளம் அகலமாயிடுச்சு. நானே மயிரிழையில வந்து சேர்ந்தேன்."

"ஆமாமா, போன வருஷம் இவ்வளவு இல்லையே," என்றன மற்ற குரங்குகள். அன்று முதல் எல்லாருக்கும் அதே பேச்சு. பள்ளம் வளர்கிறது.

தாவியதில் எல்லாருக்கும் காலும் வலித்தது, மூச்சும் இரைத்தது. வைத்தியர் வரவழைக்கப்பட்டார். அவர் ஒரு நரி. நரி என்றதும் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நல்லவர்தான், கொஞ்சம் சோம்பேறி. முழங்கால் வலிக்கு ஒரு பச்சிலை, மூச்சிரைப்புக்கு ஒரு வேர், வேர் தின்று வயிறு எரிந்தால் அதற்கு ஒரு பட்டை. கூலி ஆளுக்கு ஒரு பன்.

பூவாலுக்கும் முழங்கால் குத்தியது. "வைத்தியரே, தாவ முடியுமா என்னால?" என்று கேட்டாள்.

"இலையை அரைச்சுக் கட்டும்மா. வலி தெரியாது."

"வலி தெரியாட்டி கிளை எட்டுமா?"

நரி பன்னை மென்று முடித்தது. "அது பள்ளத்தோட சமாச்சாரம். நான் காலுக்கு மட்டும்தான் பார்க்கிறேன்."

அன்று மாலை பூவால் நுனிக்கிளையில் உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மரத்துக்கும் நடுவே ஒரு பழைய கொடி தொங்கியது. குரங்கைத் தாங்காத மெல்லிய கொடி. அதன்மேல் செம்பட்டை என்ற மலையணில் குடுகுடுவென்று ஓடி வந்தது.

"என்னக்கா, பள்ளத்துக்குக் காவலா?"

"கிண்டல் பண்ணாதே தம்பி. இது அகலமாகிக்கிட்டே போகுது."

"அப்படியா? என் கொடி நான் பிறந்தப்போ எப்படித் தொங்குச்சோ அப்படியேதான் தொங்குது. வயிறு தொய்ஞ்சு, பூனை படுத்த மாதிரி." அணில் ஓடிவிட்டது.

பூவால் கொடியைப் பார்த்தாள். பள்ளம் அகன்றிருந்தால் கொடி விறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அறுந்திருக்க வேண்டும். அது தொய்ந்து, காற்றில் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

பள்ளம் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் அக்காவைக் கொன்றது எது?

தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை பிடித்திருந்த மடிப்புக்குக் கீழே இன்னொரு மடிப்பு இருந்தது.

மறுநாள் பேருந்து நின்றபோது அவள் பாதைக்கு இறங்கவில்லை. மேட்டுச் சரிவில் ஏறினாள். கொழுந்து, நெல்லி, கல்லுக்கடியில் பூச்சி என்று கிடைத்ததைத் தின்றாள். முதல் சில நாள் தலை வலித்தது, கண் இருட்டியது, பன் வாசனை கனவில் வந்து கூப்பிட்டது. குழந்தை வீரிட்டு அழுதது. முழங்கால் இன்னும் அதிகமாகக் குத்தியது. ஆனாலும் தினமும் ஏறினாள். நின்று நின்று, திட்டிக்கொண்டே ஏறினாள்.

"ஏ பிள்ளை, மகாராணி எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் முரடன், சிப்ஸ் பையை நக்கியபடி.

"தலைவரே, கொடியைப் பாருங்க. பள்ளம் வளரலை. நாமதான் வளர்ந்துட்டோம்."

"என்னைப் பார்த்தா குண்டுங்கிறியா?"

"உங்க கிளையைக் கேளுங்க."

கிளை கேட்காமலே முனகியது. கூட்டத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இளசுகள் சிலர் மட்டும் மறுநாள் பூவாலுக்குப் பின்னால் சரிவேறினார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு பகலில் பனிமூட்டம் இறங்கி, பேருந்து எதுவும் வரவில்லை. மனிதச் சத்தமே இல்லை. ஒற்றைக்காதன் அதற்காகத்தான் காத்திருந்தது.

வாகையின் அடியில் நகம் கீறும் சத்தம் கேட்டது.

"தாவுங்க," என்று கத்தினாள் பூவால்.

இளசுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் பாய்ந்தன. அந்தப் பக்கம் அத்திக்கிளை சலசலக்கும் சத்தம் வந்தது. மற்றவர்கள் முழங்காலில் பச்சிலைக் கட்டோடு நுனியில் நெருக்கியடித்து நின்றார்கள். யாருக்கும் கால் எழவில்லை. நரியைக் கூப்பிட்டார்கள். நரி எப்போதோ மலை இறங்கிவிட்டது.

பூவால் குழந்தையை இறுக்கினாள். எதிரே பனி மட்டும்தான். மரம் தெரியவில்லை. அக்காவின் கையோடு வந்த இலை மட்டும் தெரிந்தது. பின்னால் சிறுத்தையின் மூச்சு.

தாவினாள்.

காற்று. காற்று. பிறகு கைக்குள் சொரசொரவென்று பட்டை. இலை இல்லை, கிளை.

அவள் திரும்பிக் கத்தினாள். "பன்னை வச்ச கையைக் காலி பண்ணிட்டுத் தாவுங்க! என் குரலைப் பார்த்து வாங்க!"

அப்போதுதான் கவனித்தார்கள். பலர் கையில் முந்தின நாள் பதுக்கிய பன் இருந்தது. அதைப் போட்டார்கள். இரண்டு கையும் கிடைத்தது. பயம் உந்தியது. ஒவ்வொருவராக வந்து அத்தியின் கீழ்க்கிளையில் அரைகுறையாகத் தொங்கினார்கள். இளசுகள் முடியைப் பிடித்து மேலே இழுத்தன.

கடைசியில் முரடன். அவர் எழுந்த நொடியில் ஒற்றைக்காதன் பாய்ந்து வாலைக் கவ்வியது. அவர் தாவினார். வாலில் பாதி தாவவில்லை. அத்தியை எட்டாமல் பாறை இடுக்கில் முளைத்த உண்ணிச்செடியில் போய் விழுந்தார். இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. கொடி வழியாக அணில் கொண்டுவந்து போட்ட அத்திக்காயைத் தின்று, கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, மழை விட்ட பிறகுதான் மேலே ஏறி வந்தார்.

அடுத்த வெயில் காலத்தில் முரடன் வாகைக்கும் அத்திக்கும் தினம் இருமுறை தாவினார். பாதி வாலோடு நன்றாகவே தாவினார். ஒரு நாள் பூவாலிடம் பெருமையாகச் சொன்னார்:

"பார்த்தியா பிள்ளை, பள்ளம் இந்த வருஷம் நல்லாவே குறுகிடுச்சு."

பூவால் கொடியை மட்டும் பார்த்தாள். அது பழையபடியே, பூனை படுத்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

வலிக்கு மருந்து தேடும் முன்னால், வாய்க்குள் போவது என்ன, கால் மறந்த வேலை என்ன என்று பார்க்காதவனுக்கு உலகத்தில் எல்லாப் பள்ளமும் அகலமாகத்தான் தெரியும்.